தண்டனை விலக்கு குடியுரிமை ஆகாது: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் மக்களுக்கு விண்ணப்பங்கள், மேல்முறையீடுகள், சான்றிதழ் கோரிக்கைகள் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கட்சி வேறுபாடு பாராமல் உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுவதற்குக் காரணம், இந்த மக்களின் சட்ட நிலையை மாற்றும் அதிகாரம் இன்று உங்கள் அவைகளிடம் மட்டுமே இருக்கிறது என்பதுதான்.

2025 செப்டம்பர் 1 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு வந்த இச்சட்டத்தின்படி, உரிய கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதையொட்டி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை அந்தத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. இது நல்ல செய்தி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படகில் வந்திறங்கிய நாளிலிருந்து தலைக்கு மேல் இருந்த ஒரு வழக்கின் அச்சம் நீங்கியது. ஆனால் அந்த வாரம் என்னிடம் வந்தவர்களில் பலர் குடியுரிமை கிடைத்துவிட்டதாகவே நம்பிக்கொண்டு, எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி ஓர் அலுவலகம் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆணை தருவது என்ன, தராதது என்ன என்பதை உங்கள் முன் தெளிவாக வைக்க விரும்புகிறேன். கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததற்காக ஒருவர் மீது வழக்கு வராது. அவ்வளவுதான். அவர் நிரந்தரமாக இங்கே வாழும் உரிமை பெற்றவர் ஆகவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறார், அந்த வரையறைக்குள் இருப்பவர் பதிவு வழியாகவோ இயல்புக் குடியுரிமை (குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர் கேட்கும் குடியுரிமை) வழியாகவோ குடிமகனாக விண்ணப்பிக்கவே முடியாது. மேலும், நிர்வாக ஆணையால் வந்த சலுகையை இன்னொரு நிர்வாக ஆணை மாற்றிவிடலாம், அதற்கு உங்கள் அவைகளில் வாக்கெடுப்புத் தேவையில்லை.

ஆணையில் உள்ள இரண்டு நிபந்தனைகளும் கவனத்துக்குரியவை. ஒன்று, பதிவு. முகாமில் கணக்கெடுப்பு நாளன்று வெளியூரில் கட்டட வேலையிலோ பெயின்ட் அடிக்கும் வேலையிலோ இருந்துவிட்டுப் பதிவை இழந்தவர்கள் உண்டு, மருத்துவத்துக்காகவும் குடும்பச் சிக்கலுக்காகவும் முகாமை விட்டுப் போய்ப் பதிவில்லாமல் திரும்பியவர்களும் உண்டு. மற்றொன்று, தேதி. 2022 மார்ச்சு முதல், பொருளாதாரம் சரிந்து அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கி, மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்ட குடும்பங்கள் இந்தத் தேதிக்கு வெளியே நிற்கின்றன. அதே விலக்களிப்பு ஆணை, ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயச் சிறுபான்மையினருக்கு 2024 டிசம்பர் 31 வரை வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே ஆணைக்குள் ஏறத்தாழ பத்து ஆண்டு இடைவெளி ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும்போதெல்லாம் இம்மக்களின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதைச் சட்டப் பிரிவுகளின் மொழியில் சொன்னால் விளங்காது. ஆகவே ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நான் எழுதிய பல விண்ணப்பங்களில் கண்டவற்றைச் சேர்த்து இதைச் சொல்கிறேன், முகாம்களை அறிந்த எவருக்கும் இது அரிய குடும்பமாகத் தோன்றாது.

பாட்டி இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. அப்படி நாடற்றவர்களான இந்திய வம்சாவளித் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்து ஏற்பதற்கான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் வந்தபோது அவருடைய தந்தை குடும்பத்தோடு இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். முடிவு வருவதற்குள் 1977-இன் கலவரம் அவர்களை வவுனியாவுக்குத் துரத்தியது, 1983-இன் கலவரத்துக்குப் பிறகு ராமேசுவரத்துக்குத் துரத்தியது. 1984-இல் தலைமன்னார் கப்பல் சேவையும் நின்றுபோனதால், ஒப்பந்தத்தின்படி முறையாகத் தாயகம் திரும்ப வேண்டியவர்கள் கள்ளப் படகில் வந்து அகதிகளாகப் பதிவானார்கள்.

அந்தப் பாட்டிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பதுதான் சட்டம். ஆகவே மூத்தவர் பிறந்த நொடியிலிருந்து இந்தியர். இருந்தும் அவர் பெயர் முகாம் பதிவேட்டில் அகதி என்றே இருக்கிறது, ஏனையோரோடு வரிசையில் நின்று கணக்கெடுப்பில் கையெழுத்திடுகிறார். இளையவர் 1988-இல் அதே முகாமில், அதே மருத்துவச்சியின் கையில் பிறந்தார். இடையில் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குழந்தை இந்தியர் என்று விதி மாறியதால், இளையவர் வெளிநாட்டவர். பாட்டியின் தந்தை 1964 ஒப்பந்தத்தின் கீழ் தந்த விண்ணப்பத்தைத் தேடியெடுத்து ஏற்றிருந்தால் அவரும் இந்தியராகியிருப்பார். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்பவர் இல்லை.

கதை அடுத்த தலைமுறைக்கும் போகிறது. மூத்தவர் முகாமிலேயே வளர்ந்த ஒரு பெண்ணை மணந்தார், 2012-இல் மகள் பிறந்தாள். 2004 டிசம்பர் 3-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். தாய் அந்த வரையறைக்குள் வைக்கப்பட்டிருப்பதால், இந்தியக் குடிமகனுக்கு இந்தியாவில் பிறந்த மகள் இந்தியர் ஆகவில்லை. இளையவரோ பக்கத்து ஊரில் வாக்குரிமையுள்ள ஒரு பெண்ணை மணந்தார். இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்தபின் பதிவு வழியாகக் குடியுரிமை கேட்க சட்டத்தில் இடமுண்டு. சட்டவிரோதக் குடியேறி என்ற பெயர் அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. அவர்களுடைய பிள்ளையும் வெளிநாட்டவராகவே நடத்தப்படுகிறது.

இங்கே ஒன்றை உங்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உரிய ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த, அல்லது அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் தங்கிவிட்ட வெளிநாட்டவரைத்தான் குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. 1988-இல் மண்டபத்தில் பிறந்தவர் எந்த எல்லையைக் கடந்து எப்போது நுழைந்தார்? கடலையே கடக்காத ஒருவரை நுழைந்தவர் என்று அலுவலகங்கள் கொள்வதைச் சட்டத்தின் சொற்கள்கூடத் தாங்கவில்லை. முகாம்களில் இன்று வாழ்பவர்களில் பெரும் பகுதியினர் இங்கேயே பிறந்தவர்கள் என்பதால் இது ஏதோ நுணுக்கமான வாதம் அன்று, அவர்களுடைய வாழ்க்கையே இந்தக் கேள்வியின் மீது நிற்கிறது.

100-க்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே 30,000-க்கும் மேற்பட்டோரும் வாழ்கிறார்கள். மாநில அரசு செய்வதை மறைக்க மாட்டேன். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் அறிவிக்கப்பட்டது, அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, பத்தடிக்குப் பத்தடி வீடுகளின் இடத்தில் 7,000-க்கும் மேற்பட்ட புதிய வீடுகள் கட்ட முடிவாயிற்று, மாதாந்தரப் பணக்கொடை உயர்ந்தது. இவை வாழ்க்கைத் தரத்தை மாற்றின. சட்ட நிலையை மாற்றும் அதிகாரம் சென்னைக்கு இல்லை. அந்தப் புதிய வீட்டில் குடியிருப்பவர் தன் உழைப்பில் சேர்த்த பணத்தில் இரண்டு சென்ட் நிலம் வாங்க நினைத்தால், அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகை மட்டுமே எடுக்கலாம். ஆகவே நம்பிக்கையான ஒரு நண்பரின் பெயரில் பத்திரம் பதிகிறார்கள். அந்த நண்பர் இறந்தபின் அவருடைய வாரிசுகள் கைவிரித்தால் வழக்குப் போடவும் வழியில்லை. பொறியியல் முடித்த பிள்ளை அரசுத் தேர்வு எழுத முடியாது. வெளிநாட்டு நிறுவனம் வேலை தந்தால் எந்த நாட்டின் கடவுச்சீட்டில் போவது என்ற கேள்வி எழுகிறது. இலங்கையின் கடவுச்சீட்டுக்கு முதலில் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று வேண்டும், அது முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ வீட்டோடு எரிந்து போயிருக்கும்.

இதற்குத் தீர்வு காண்பதற்கான முன்மாதிரியை உங்கள் நாடாளுமன்றமே உருவாக்கி வைத்திருக்கிறது. 2015 செப்டம்பரிலும் 2016 ஜூலையிலும் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைகள், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளின் ஆறு சமயத்தவரைக் கடவுச்சீட்டு, வெளிநாட்டினர் சட்டங்களின் பிடியிலிருந்து விடுவித்தன. அது முதற்படி, இலங்கைத் தமிழர்களுக்கு 2025-இல் கிடைத்ததும் அதற்கு இணையான முதற்படியே. அந்த ஆறு சமயத்தவருக்கு நான்கு ஆண்டுகளில் இரண்டாம் படி வந்தது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், அப்படி விலக்குப் பெற்றவர்கள் இனிச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்று 2-ஆவது பிரிவில் ஒரு நிபந்தனை வாக்கியத்தைச் சேர்த்தது, இயல்புக் குடியுரிமைக்கான காலத்தையும் 11 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைத்தது. 2024 மார்ச்சு 11 அன்று அதற்கான விதிகளும் வந்தன. விலக்கு முதலில், குடியுரிமை வழி அடுத்து என்ற இந்த வரிசையை ஒரு பிரிவினருக்கு நிறைவேற்றிய நாடாளுமன்றம், மற்றொரு பிரிவினருக்குப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. மாநிலங்களவையில் அந்தச் சட்டம் 125-க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் சிலரின் வாக்குகளும் அந்த 125-இல் இருந்தன. பழையதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. அன்று எப்பக்கம் வாக்களித்திருந்தாலும், விடுபட்டதைச் சேர்க்கும் கடமை இன்று எல்லோருக்கும் பொதுவானது.

இலங்கைத் தமிழர்கள் ஏன் விடுபட்டார்கள் என்ற கேள்விக்கு, 1964 முதல் 2008 வரை 4.61 லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர்களுக்குக் குடியுரிமை தரப்பட்டிருக்கிறது என்பதையே மத்திய அரசு பதிலாகச் சொன்னது. அந்த எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கடனைத் தீர்த்தது, 1983-க்குப் பின் உயிர் பிழைக்க ஓடிவந்தவர்களைப் பற்றிய கொள்கை அன்று. இன்னொன்றையும் கருத வேண்டும். 1964-இல் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்கள். 5,25,000-உடன் அந்த ஒன்றரை லட்சத்தில் இந்தியாவின் பாதியான 75,000-ஐக் கூட்டினால் ஆறு லட்சம். 4.61 லட்சத்துக்கும் ஆறு லட்சத்துக்கும் இடையிலுள்ளவர்களில் பலருக்குப் பின்னாளில் இலங்கையே குடியுரிமை தந்தது உண்மைதான். எஞ்சியவர்களில் எத்தனை குடும்பங்கள் இன்று நம் முகாம்களில் இருக்கின்றன என்பதைக் கணக்கெடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, கோப்புகளைத் திறந்தால் போதும்.

ஒரு மாநிலத்தின் தனிச் சூழலுக்காகக் குடியுரிமைச் சட்டத்தில் தனிப் பிரிவு வைக்கலாமா என்ற தயக்கம் உங்களில் எவருக்காவது இருந்தால், அசாமை நினைவூட்டுகிறேன். 1985-இன் அசாம் உடன்பாட்டுக்காக, வங்கதேசப் பகுதியிலிருந்து அசாமுக்கு வந்தவர்களின் குடியுரிமை பற்றி 6ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் அதைச் செல்லும் என்றும் கூறிவிட்டது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. முகாமில் 1987-க்கு முன் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை செல்ல வேண்டியிருந்தது. 2022-இல் அவருக்குச் சாதகமாக ஆணை வந்தது, 2024 தேர்தலில் வாக்களித்தார். அவர் பெற்றது சட்டம் ஏற்கெனவே தந்திருந்த உரிமை, அதற்கே வழக்கு தேவைப்பட்டது. சட்டமே இல்லாத இடத்தில் நீதிபதிகள் எதைத் தர முடியும்? வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் வரம்பற்றது என்று உச்ச நீதிமன்றம் 1955-இலேயே சொல்லிவிட்டது. 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த அமர்வு, இந்தியா எல்லோரையும் ஏற்கும் தர்ம சத்திரம் இல்லை என்ற பொருளில் கருத்துரைத்தது. இந்தியா 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவுமில்லை, அகதிகளுக்கென உள்நாட்டுச் சட்டம் ஒன்றையும் இயற்றவில்லை. சமத்துவமும் உயிர்வாழும் உரிமையும் அரசமைப்பின் 14, 21-ஆவது பிரிவுகளின்படி எல்லா மனிதருக்கும் உரியவை என்றாலும், நாட்டில் எங்கும் தங்கி வாழும் உரிமையைத் தரும் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே. குடியுரிமை குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 11-ஆவது பிரிவு நாடாளுமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது.

போர் 2009-இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பவர்களின் வாதத்தையும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் தொகை குறையக் கூடாது என்ற இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் சிலரின் கவலையையும் நான் மதிக்கிறேன். போக விரும்புகிறவர்கள் போகட்டும். அவர்களுக்கு வெளியேறும் அனுமதி தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும், கூடுதலாகத் தங்கியதற்கான கட்டணம் தள்ளுபடியாக வேண்டும், இந்தியாவில் படித்த சான்றிதழ்கள் அங்கே ஏற்கப்பட வேண்டும். ஆனால் 2025 மே மாத இறுதியில், இங்கிருந்து தாயகம் திரும்பிய ஒரு முதியவர், பல பத்தாண்டுகளுக்கு முன் கடவுச்சீட்டில்லாமல் நாட்டை விட்டு வெளியேறினார் என்ற காரணத்துக்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தி ஒரே நாளில் எல்லா முகாம்களுக்கும் பரவியது. வந்ததும் குற்றம், போவதும் குற்றம் என்ற நிலையில் இருப்பவரிடம், நீங்களாக விரும்பித்தானே இங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பது நியாயமில்லை. இருக்கவும் போகவும் இரண்டு வழிகளும் சட்டப்படி திறந்திருந்தால்தான் அவர்கள் எடுப்பது அவர்களுடைய முடிவாகும். திரும்பிச் செல்வோரைத் தண்டிக்காதிருக்கும் உறுதியைக் கொழும்பிடமிருந்து எழுத்தில் பெறுமாறு வெளியுறவு அமைச்சகத்தை நீங்கள் வலியுறுத்த வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பதில் முதன்மையானது குடியுரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் ஒரு திருத்தம். இந்தியாவில் தஞ்சம் புகுந்த இலங்கைத் தமிழர்களும் இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்று அது சொல்ல வேண்டும். சமயத்தை அதில் நுழைக்காதீர்கள், முகாம்களில் கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன, இசுலாமியக் குடும்பங்களும் இருக்கின்றன. பதிவு ஏட்டில் பெயர் விடுபட்டவர்கள் வேறு சான்றுகளைக் காட்ட வாய்ப்பளிக்க வேண்டும். 2025-இன் விலக்கும் ஆணையாக நில்லாமல் சட்டத்துக்குள் வர வேண்டும். அரசு முன்வராவிட்டால் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டு வாருங்கள். அத்தகைய மசோதாக்கள் நிறைவேறுவது அரிது என்பதை அறிவேன், இருந்தாலும் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டிய நிலை அதனால் உருவாகும்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வாக்காளர் அட்டையும் கடவுச்சீட்டும் தரப்பட்டுள்ளன, 1964 ஒப்பந்தத்தின் கீழ் விண்ணப்பித்துவிட்டு அகதிகளாகப் பதிவான குடும்பங்கள் எத்தனை, அந்தக் கோப்புகள் எங்கே உள்ளன ஆகியவற்றைக் கேள்வி நேரத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் தொகுதியில் முகாம் இருந்தால் மாவட்ட ஆட்சியரிடமும் இதே பட்டியலைக் கேளுங்கள். 2021 செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றத்துக்கும் இந்தக் கணக்கெடுப்பை விரைவுபடுத்தும் பொறுப்பு இருக்கிறது.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன், ஒப்பந்தக் கோப்புகள் தொடர்பாக என்னிடம் உள்ள விண்ணப்ப நகல்களையும், பதிவு நீக்கப்பட்ட குடும்பங்களின் விவரங்களையும், அவர்களுடைய ஒப்புதலோடு, கேட்கும் உறுப்பினர் எவருக்கும் நேரில் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முகாம் மக்களின் விண்ணப்பங்களை எழுதிவரும் ஒருவர்